ஸ்ட்ராப் லாக் வாங்கும் முன் திருகைக் கழற்றிப் பாருங்கள்

ஒத்திகையின் நடுவில் உங்கள் பேஸ் கிட்டாரின் ஸ்ட்ராப், அதாவது தோளில் மாட்டும் வார், உடலின் மேல் கொம்பிலிருந்து கழன்றுவிட்டதாகவும், நெக்கை, அதாவது கழுத்தைப் பிடித்திருந்த இடது கைதான் கருவியைத் தரையில் விழாமல் காத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். நண்பர் ஒருவர் இரண்டு ரப்பர் வாஷர் போதும் என்கிறார். கடைக்காரர், ஸ்ட்ராப்பைக் கருவியோடு பூட்டிவைக்கும் லாக்குகளில் ஷாலர் கம்பெனியுடையதை வாங்கச் சொல்கிறார். உங்கள் குழுவின் லீட் கிட்டார்காரரோ டன்லப் கம்பெனியின் லாக்கைத் தவிர எதையும் தொடாதே என்கிறார். உங்களிடம் பேஸ் ஒன்று, கிப்சனின் எஸ்ஜி வடிவ எலக்ட்ரிக் ஒன்று, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்) பொருத்திய அக்கூஸ்டிக் ஒன்று என மூன்று கருவிகள் இருக்கின்றன. நல்ல ஸ்ட்ராப் ஒன்றுதான் இருக்கிறது. இவற்றுக்கு எந்த லாக் சரி என்பது உங்கள் கேள்வி. பெயர்களுக்குப் பிறகு வருகிறேன். கிட்டார் விழாமல் இருப்பதில் லாக்கின் பங்கு பாதிதான். மீதிப் பாதி, அந்த லாக்கை மரத்தோடு பிணைத்திருக்கும் ஒரே ஒரு திருகிடம் இருக்கிறது. கடையில் யாரும் அந்தத் திருகைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் இந்தப் பதில் சற்று நீளும்.

சாதாரண ஸ்ட்ராப் பட்டன் ஒரு சிறு காளானைப் போன்றது: அகன்ற தலை, ஒடுங்கிய இடுப்பு. தோலில் வெட்டிய துளையும் அதிலிருந்து நீளும் கீறலும் அந்தத் தலையை விழுங்கி இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கருவி தொங்கும்போது அதன் எடை ஸ்ட்ராப்பை இழுத்துக்கொண்டே இருப்பதால் தோல் அந்த இடுப்பை விட்டு நகர்வதில்லை. ஸ்ட்ராப் கழல்வது பெரும்பாலும் இழுவை தளரும் கணத்தில்தான்: ஆம்ப்பின் குமிழைத் திருப்பக் குனியும்போது, கிட்டாரை லேசாகத் தூக்கித் தோளில் இடம் மாற்றும்போது, நாற்காலியில் அமர்ந்து எழும்போது. அந்த நொடியில் வார் மடங்கி, துளையின் விளிம்பு பட்டனின் தலைமேல் ஏறிவிடுகிறது. மறுபடி எடை இறங்கும்போது அது வெளிப்பக்கமாக வழுக்கிவிடுகிறது. பல ஆண்டு உழைத்துத் துளை தொய்ந்துபோன ஸ்ட்ராப்பில் இது நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கிய முதல் வாரத்தில், தடித்த புதுத் தோல் இடுப்புவரை இறங்காமல் பட்டனின் தலைவிளிம்பிலேயே தங்கிவிடும்போதும் அதே போல நடக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

நான்கு கிலோ எடையுள்ள பேஸ் இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் பெயிண்ட் உதிர்வதோடு நின்றால் அது அதிர்ஷ்டம். மேல் கொம்பில் ஸ்ட்ராப் விடுபட்டால் கருவி பின்முனையை அச்சாகக் கொண்டு சுழன்று, நெக்கின் நுனியிலுள்ள தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை முன்னே விட்டுத் தரைக்குப் போகிறது. ஃபெண்டர் பாணி நெக்கில் ஹெட்ஸ்டாக் நெக்கின் நேர்க்கோட்டிலேயே இருப்பதால் சுருதி கூட்டும் முறுக்காணியான ட்யூனர் வளைவதோடு தப்பிப்பது உண்டு. கிப்சன் பாணியில் ஹெட்ஸ்டாக் ஏறத்தாழ 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. ஒரே மஹாகனிக் கட்டையில் அந்தச் சாய்வை அறுக்கும்போது மரத்தின் இழைகள் அந்த இடத்தில் குறுக்காக வெட்டுப்படுகின்றன. போதாக்குறைக்கு, நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடின் நட்டு உட்காரும் குழியும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஹெட்ஸ்டாக் தொடங்கும் அந்த இடத்தில் நெக் பிளப்பது அந்தப் பாணியின் பேர்பெற்ற முறிவு. உங்கள் எஸ்ஜியும் அந்தக் குடும்பம்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஒத்திகையில் தப்பியது பேஸ்தான் என்றாலும் விழுந்தால் அதிகம் இழப்பது எஸ்ஜி.

திருகைப் பற்றி எனக்குப் பாடம் கிடைத்தது ஒரு கோயில் திருவிழா மேடையில். ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. புதிதாக வாங்கிய விலையுயர்ந்த லாக் மாட்டியிருந்ததால் எனக்குக் கொஞ்சம் தெனாவட்டும் இருந்தது. மூன்றாவது பாட்டில் பின்முனையிலிருந்து மெல்லிய கிறீச்சென்ற ஒலி கேட்டது; டிரம்ஸின் பெடல் என்று நினைத்துவிட்டுவிட்டேன். அடுத்த பாட்டின் நடுவில் பேஸ் என் தொடையில் சரிந்து இறங்கியது. கையில் எடுத்துப் பார்த்தால் லாக் தன் வேலையைச் சிறிதும் பிசகாமல் செய்திருந்தது: ஸ்ட்ராப்பின் நுனியில் லாக், லாக்கின் வாயில் பட்டன், பட்டனின் நடுவே முழு நீளத் திருகு, திருகின் மரைகளுக்கிடையே மாவு போல வெளிறிய மரத்தூள். மரத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது. விரலால் தடவினால் உள்ளே மரையின் தடமே இல்லாமல் மழமழவென்றிருந்தது. லாக் பொருத்தும்போது கடைசிச் சுற்றில் திருகு இறுகாமல் சுழன்றது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

லாக் மாட்டுவதால் இந்த ஆபத்து குறைவதில்லை, சற்றுக் கூடுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. சாதாரண பட்டனில் தோல், மரத்தை ஒட்டினாற்போல இடுப்பில் கிடக்கிறது. லாக் மாட்டியதும் ஸ்ட்ராப் பட்டனுக்கு வெளியே, மரத்திலிருந்து இன்னும் சில மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. ஸ்ட்ராப்பின் இழுவை திருகை நீளவாக்கில் பிடுங்குவதைவிடப் பக்கவாட்டில் நெம்புவதே அதிகம். நெம்புகோலின் கை நீண்டால் அதே எடை அதிக வலுவோடு திருகை ஆட்டும். அதோடு, பெரும்பாலான திட உடல் கிட்டார்களில் உடலின் மர இழைகள் நெக்கின் திசையிலேயே ஓடுகின்றன. எனவே பின்முனைப் பட்டனின் திருகு இழைகளுக்கு இணையாக, மரத்தின் வெட்டுமுகத்தில் இறங்குகிறது. வெட்டுமுகத்தில் இறங்கும் திருகுக்குப் பிடி குறைவு என்பதை எந்தத் தச்சரும் சொல்வார். விலை குறைந்த கருவிகள் பலவற்றில் வரும் பாஸ்வுட் போன்ற மென்மரத்தில், இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினாலே மரை தேய்ந்துவிடும்.

ஆகவே எந்த லாக்கையும் வாங்கும் முன்பு உங்கள் மூன்று கருவிகளிலும் இருக்கும் பட்டன்களைச் சோதியுங்கள். பட்டனை விரல்களால் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தால் துளிக்கூட அசையக் கூடாது. பிறகு தலையின் காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். நல்ல துளையில் திருகு உடனே முரண்டுபிடித்து நின்றுவிடும், தேய்ந்த துளையில் அது எண்ணெயில் சுழல்வது போல முடிவில்லாமல் சுழலும். திருப்புளியின் நுனி சிறியதாக இருந்தால் திருகின் தலை சிதைந்துவிடும், அப்புறம் அதைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும் என்பதால் அந்த ஒன்றில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

துளை தேய்ந்திருந்தால் பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து உள்ளே திணித்து, காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டுத் திருகை இறக்குவது வழக்கமான கைவைத்தியம். லேசாகத் தளர்ந்த துளைக்கு அது போதும். நானே பலமுறை செய்திருக்கிறேன். ஆனால் நான்கு கிலோ பேஸின் பின்முனைத் துளை முழுவதும் மழுங்கியிருந்தால் பழைய துளையை ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டருக்கு அகலப்படுத்தி, அதே அளவுள்ள கடினமரக் குச்சியைப் பசையோடு அடித்து இறக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, புதிதாகத் துளையிடுவதே முறை. கிட்டார்களில் பொதுவாகக் காணப்படும் ஆறாம் எண் திருகு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதற்கு மென்மரத்தில் சுமார் 2.4, கடினமரத்தில் சுமார் 2.8 மில்லிமீட்டர் துளை பொருத்தம். ட்ரில் பிட்டில் தேவையான ஆழத்துக்கு ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. திருகின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு இறக்கினால் மரம் பிளக்காது. சோப்பும் அதே வேலையைச் செய்யும், ஆனால் அது ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்க வைக்கும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் மெழுகோடு நிற்பது நல்லது. இதையெல்லாம் செய்யக் கை நடுங்கினால் ஒரு கிட்டார் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். அவர்களுக்கு இது அரைமணி நேர வேலை.

இனி லாக்குகள். முதலில் நண்பர் சொன்ன ரப்பர் வாஷர். இதன் பெருமை நெதர்லாந்தின் கிரோல்ஷ் பீர் பாட்டிலைச் சேர்ந்தது. அந்தப் பாட்டிலின் கம்பி மூடியின் அடியில் இருக்கும் சிவப்பு ரப்பர் வளையத்தைக் கழற்றி ஸ்ட்ராப்புக்கு மேலாகப் பட்டனின் தலையில் மாட்டிவிடும் பழக்கம் உலகமெங்கும் பரவி, பிறகு கிட்டார் கம்பெனிகளே அதே வளையத்தைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கின. ஏளனமாக நினைக்க வேண்டாம். ஸ்ட்ராப் எப்படிக் கழல்கிறது என்று மேலே சொன்னேனே, அந்த ஒரு வழியை இது நேராக அடைக்கிறது: தோல் தலைமேல் ஏற இடமே இல்லாமல் செய்துவிடுகிறது. திருகைத் தொட வேண்டியதில்லை, நெம்புகோல் நீளாது, கருவியின் அசல் பட்டன் அப்படியே இருக்கும். குறைகள் இரண்டு: ரப்பர் காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும், அதனால் ஆறு மாதத்துக்கொருமுறை மடக்கிப் பார்க்க வேண்டும், ஸ்ட்ராப்பை அடிக்கடி கழற்றுகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வளையத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கம்பி மூடி போட்ட கண்ணாடி பாட்டில்களுக்கு உதிரி வளையம் பாத்திரக் கடைகளில் கிடைக்கும், அதுவும் போதும். டன்லப்பின் எர்கோ லாக் என்ற பிளாஸ்டிக் வட்டமும் இதே வகையில் சேரும். வைத்துத் திருப்பினால் பட்டனின் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது.

ஷாலர், ஜெர்மனியில் நூரெம்பெர்க் பக்கத்தில் ஹெல்முட் ஷாலர் 1945-இல் தொடங்கிய நிறுவனம். ட்யூனர், பிரிட்ஜ் எல்லாம் செய்கிறார்கள். அவர்களுடைய லாக்கின் அமைப்பு எளிமையானது. கிட்டாரில் திருகும் பட்டனின் தலை நடுவில் ஒரு குழி இருக்கிறது. ஸ்ட்ராப்பில் பொருத்தும் பாகம் குதிரை லாடத்தைப் போல ஒருபக்கம் திறந்தது. அது பட்டனைக் கவ்விக்கொள்ள, ஸ்ப்ரிங்கோடு கூடிய ஊசி ஒன்று அந்தக் குழிக்குள் இறங்கிப் பூட்டுகிறது. கழற்ற, வெளியே இருக்கும் குமிழை இழுக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்த அம்சம் அந்த லாடம்தான். திறந்த பக்கம் ஸ்ட்ராப்பின் பக்கமாக, அதாவது மேல்நோக்கி இருக்கும்படி பொருத்தினால், ஊசி சரியாக இறங்காவிட்டாலும் ஸ்ப்ரிங் செத்துப்போனாலும், எடை இழுத்துக்கொண்டிருக்கும்வரை பட்டன் லாடத்தின் மூடிய அடிப்பகுதியில் தொங்கிக்கொண்டிருக்கும். தலைகீழாகப் பொருத்தினால் கருவியின் முழு எடையும் அந்தச் சிறு ஊசியின்மேல் விழும். இந்த நுணுக்கத்தைக் கவனிக்காமல், பெயர் எழுதியிருக்கும் பக்கம் அழகாக நேரே தெரியட்டும் என்று கண்டபடி பொருத்தியிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஷாலரில் ஸ்ட்ராப் பாகத்தைத் தோலோடு இறுக்குவது ஒரு அறுகோண நட்டு. நட்டு என்றால் அதிர்வில் தளரத்தான் செய்யும். பழையதை வாங்குகிறவர்கள் மரையைப் பிடித்துக்கொள்ளும் நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விடுவது வழக்கம். இப்போது வரும் எஸ்-லாக்கில் நட்டுக்குப் பதிலாகக் கையால் திருகும் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதை மிகச்சிறிய ஆலன் திருகு ஒன்று பக்கவாட்டிலிருந்து பூட்டிவிடுகிறது. பட்டனுக்கடியில் பெயிண்ட்டைக் காக்கக் கம்பளி வளையமும் கொடுக்கிறார்கள். சந்தையில் இந்த வடிவத்தின் நகல்கள் எண்ணற்றவை. மிக மலிவாகவே கிடைக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஊசியின் நீளமும் குழியின் ஆழமும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு கம்பெனியின் பட்டனில் இன்னொரு கம்பெனியின் லாடத்தை மாட்டினால் பூட்டியது போலத் தோன்றிவிட்டுச் சற்றே ஆடும். அந்த ஆட்டம் உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். நகல் வாங்குவதாக இருந்தாலும் பட்டனும் லாக்கும் ஒரே பொட்டலத்திலிருந்து வரட்டும்.

டன்லப்பின் ஸ்ட்ராப்லாக் வேறு வழியில் போகிறது. பட்டனின் நடுவே துளை. ஸ்ட்ராப்பின் பாகம் ஒரு நேரான தண்டு. தண்டின் நுனியில் சிறு எஃகுக் குண்டுகள். நடுவிலுள்ள பட்டனை அமுக்கினால் குண்டுகள் உள்ளே போகும், தண்டு துளைக்குள் நுழையும், விட்டதும் குண்டுகள் புடைத்துக்கொண்டு உள்பக்கக் காடியில் பூட்டும். மாட்டுவதும் கழற்றுவதும் ஒரே விரலால், ஒரு நொடியில் நடக்கும். இரண்டு பாட்டுக்கொருமுறை கிட்டார் மாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதியான ஒன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் இதற்கு இடைநிலை கிடையாது. குண்டுகள் பூட்டியிருந்தால் பிடி அசைக்க முடியாதது. பூட்டாமல் தண்டு வெறுமனே துளைக்குள் நின்றிருந்தால் அடுத்த அசைவில் அது நேரே வெளியே வந்துவிடும். அதனால் மாட்டிய ஒவ்வொரு முறையும் ஸ்ட்ராப்பை வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பார்ப்பது கட்டாயம். கேட்ட கிளிக் சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. இன்னொரு கவனம் வேண்டிய இடம், ஸ்ட்ராப்புக்கு உள்பக்கம் தண்டைப் பிடித்து நிறுத்தும் சி வடிவக் கிளிப். அது தன் காடியில் முழுமையாக உட்காராமல் பாதி ஏறி நின்றால் ஒரு நாள் தெறித்துப் போகும். இடுக்கியால் அழுத்தி உட்காரவைத்துவிட்டு, நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், எங்கும் மேடு தட்டக் கூடாது.

டன்லப்பில் உடலுக்குள் புதைத்துப் பொருத்தும் வகையும் உண்டு. நெம்புகோல் நீள்கிறது என்று மேலே சொன்ன குறைக்கு அதுவே முழு நிவர்த்தி, பார்வைக்கும் மிக அழகு. ஆனால் அதற்கு உடலில் அகலமான குழி எடுக்க வேண்டும். எடுத்த குழியை மூடி மறைக்க முடியாது. பிற்காலத்தில் விற்கக்கூடிய கருவியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

லாக்ஸ் (LOXX) என்ற ஜெர்மானியத் தயாரிப்பு, படகுகளிலும் வண்டிகளிலும் துணி மூடாக்கைப் பிடித்து நிறுத்தும் பொத்தான் வகையிலிருந்து வந்தது. தொப்பியை மேலே தூக்கினால்தான் விடும். மற்றபடி இழுக்க இழுக்கப் பிடி இறுகும். உயரம் குறைவு என்பதால் திருகை நெம்புவதும் குறைவு. கிட்டாரில் திருகும் இதன் ஆணித் தலை மிகச் சிறியது. லாக் இல்லாத ஸ்ட்ராப்பை அதில் நம்பி மாட்ட முடியாது. லாக் ஸ்ட்ராப்பை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கச்சேரிக்குப் போய்விட்டால் அன்றைக்கு உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். டன்லப்பின் இருபயன் பட்டனில் எந்தச் சாதாரண ஸ்ட்ராப்பும் நன்றாக நிற்கும். ஷாலர் பட்டனில் அவசரத்துக்கு நிற்கும்.

டிமார்சியோவின் கிளிப்லாக்கில் பட்டனே இல்லை: நைலான் வாரின் இரு நுனிகளும் திருகுகளால் கருவியோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும், நடுவில் பள்ளிப் பைகளில் வருவது போன்ற கிளிப்புகளைத் திறந்து கழற்ற வேண்டும். ஒரே கிட்டாரை ஆயுள் முழுக்க வைத்திருப்பவர்களுக்கு அது சிறந்த வழி. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் சிவப்பு, கறுப்பு, வெள்ளைக் கிட்டாரில் இரும்புக் கடையில் கிடைக்கும் வளையத் திருகை முடுக்கி, கொக்கியை மாட்டிக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அவர் செய்ததில் நியாயம் இருக்கிறது: தடித்த திருகு மரத்துக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது, வெளியே கழல்வதற்கு எதுவுமே இல்லை.

இப்போது உங்கள் மூன்று கருவிகள். பேஸுக்கு நான் ஷாலர் எஸ்-லாக்கைச் சொல்வேன். எடை அதிகம், கருவி மாற்றும் அவசரம் குறைவு. பூட்டு பிசகினாலும் லாடம் தாங்குகிறது என்பது கனமான கருவிக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பு. உங்களிடம் இருப்பது ஒரே ஸ்ட்ராப் என்பதால் எஸ்ஜியிலும் அதே கம்பெனியின் பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள். பட்டன்கள் தனி ஜோடியாகவே விற்கின்றன, ஒவ்வொரு கருவிக்கும் முழு செட் வாங்க வேண்டியதில்லை. ஷாலர் பட்டனும் டன்லப் பட்டனும் ஒன்றோடொன்று பொருந்தாது, ஆகவே முதலில் எதில் இறங்குகிறீர்களோ அதிலேயே கடைசிவரை போக வேண்டியிருக்கும். உங்கள் லீட் கிட்டார்காரரும் நீங்களும் மேடையில் கருவிகளை மாற்றி வாசிப்பவர்கள் என்றால் மட்டும் அவர் சொல்வதைக் கேட்டு இருவரும் டன்லப்பில் இருப்பது விவேகம். அந்த வசதிக்காக என் முதல் விருப்பத்தை விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

எஸ்ஜியில் மேல் பட்டன் கொம்பில் இல்லை, நெக் உடலோடு சேரும் இடத்தில் பின்பக்கமாக இருக்கிறது. லாக் அங்கே பின்னோக்கி நீட்டிக்கொண்டு நிற்பதால் சிலருக்கு அது வயிற்றில் குத்தும். மாட்டி நின்று பார்த்துவிட்டு, குத்தினால் அந்த ஒரு முனையில் மட்டும் அசல் பட்டனும் ரப்பர் வளையமும் போதும் என்று விட்டுவிடலாம்; ஆனால் அப்போது பேஸின் லாக் ஸ்ட்ராப் இதற்கு ஆகாது, எஸ்ஜிக்குத் தனி ஸ்ட்ராப் வேண்டும். எஸ்ஜியின் உடல் மெலிது, சுமார் 35 மில்லிமீட்டர்தான். அங்கே பழைய திருகைவிட நீளமானதை இறக்க முயலாதீர்கள். இன்னொன்று, எஸ்ஜியின் நெக் தரையை நோக்கிச் சாய்வதாகப் பிறகு நீங்கள் குறைசொன்னால் அதற்கு லாக் பொறுப்பல்ல. பட்டன் இருக்கும் இடமும் உடலின் எடைக்குறைவும் காரணம். உள்பக்கம் சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் அதைச் சமாளிக்கும்.

அக்கூஸ்டிக்கில் பிக்கப் இருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் பல கருவிகளில் பின்முனையில் கேபிள் சொருகும் ஜாக்கே ஸ்ட்ராப் பட்டனாகவும் இருக்கும். உங்களுடையதும் அப்படியென்றால், அங்கே திருகு என்று ஒன்றே இல்லாததால் ஷாலரும் டன்லப்பும் பொருந்தாது. தடித்த அந்த ஜாக்கின் மேல் ஸ்ட்ராப்பின் துளையை இழுத்து மாட்டுவதால் துளையும் சீக்கிரம் கிழிந்துவிடும். இதற்கென்றே டடாரியோ சிஞ்ச்ஃபிட் என்ற ஒன்றை விற்கிறது; ஸ்ட்ராப்பின் நுனியில் நிரந்தரமாக இருக்கும் அது, ஜாக்கைச் சுற்றிக் காந்தத்தால் மூடிக்கொள்கிறது, நடுவில் கேபிள் சொருகலாம். வாங்கும் முன் உங்கள் ஜாக்கின் தலை அளவு அதற்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெக்கின் அடிப்பகுதியில் பட்டன் இல்லாவிட்டால் அங்கே துளையிடுவதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம். சில அக்கூஸ்டிக்குகளில் நெக்கைப் பிடித்திருக்கும் இரும்பு போல்ட் அந்த மரத்துக்குள்ளேதான் ஓடுகிறது. அக்கூஸ்டிக்குக்கு மலிவாக இரண்டாவது ஸ்ட்ராப் ஒன்று வாங்கி ரப்பர் வளையத்தோடு வைத்துக்கொள்வதுதான் உண்மையில் நான் செய்திருப்பது.

பொருத்தும்போது பெரும்பாலானோர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. லாக்கோடு வரும் திருகு உங்கள் துளைக்கு மெலிதாகவோ தடிமனாகவோ இருக்கலாம். மெலிதாக இருந்தால் பழைய திருகையே பயன்படுத்தத் தோன்றும். அதில் தவறில்லை, ஆனால் அதன் தலை புதுப் பட்டனின் குழிக்குள் முழுமையாக அமிழ வேண்டும். அரை மில்லிமீட்டர் மேலே நின்றாலும் ஷாலரின் ஊசியோ டன்லப்பின் தண்டோ அடிவரை இறங்காது. வெளியே பார்த்தால் பூட்டியது போலவே இருக்கும். சோதிக்க, ஸ்ட்ராப் இல்லாமல் லாக்கை மட்டும் கையில் எடுத்துப் பட்டனில் மாட்டி, எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள். தடித்த திருகாக இருந்தால் துளையைச் சற்று அகலப்படுத்திவிட்டு இறக்குங்கள். முரட்டுத்தனமாக முடுக்கினால் கொம்பின் பெயிண்ட் விரியும், மரமும் பிளக்கலாம். ஸ்ட்ராப்பின் தோல் மிகத் தடிமனாக இருந்தால் லாக்கின் கழுத்து அதைத் தாண்டி வெளியே போதிய மரை தராது. மரை மூன்று சுற்றாவது பிடிக்கவில்லையென்றால் மெல்லிய ஸ்ட்ராப்போ கழுத்து நீண்ட லாக்கோ தேட வேண்டும்.

பொருத்திய பிறகு உலோகம் உலோகத்தோடு உரசிக் கிறீச்சிடும். துளி வாசலின் தடவினால் அடங்கிவிடும். தடவியும் அடங்காமல் ஒலி மரத்திலிருந்து வந்தால் அது லாக்கின் சத்தமல்ல, திருகின் சத்தம். நான் திருவிழா மேடையில் டிரம்ஸ் பெடல் என்று நினைத்த அதே சத்தம். வியர்வை அதிகம் படும் பின்முனையில் மாதம் ஒருமுறை பட்டனை விரலால் ஆட்டிப் பார்ப்பதும், ஸ்ட்ரிங் மாற்றும் நாளில் திருப்புளியை ஒருமுறை வைத்துப் பார்ப்பதும் போதுமான பராமரிப்பு. எஸ்-லாக்கின் ஆலன் சாவி கடுகளவு இருக்கும், முதல் வாரத்திலேயே தொலையும். அதையும் கழற்றிய அசல் பட்டன்களையும் திருகுகளையும் ஒரு சிறு கவரில் போட்டு கிட்டார் கேஸின் பக்கப் பையில் வைத்துவிடுங்கள். கருவியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.